மதகு யார் கையில்?

(மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பாட்டரிகள் பற்றித் தாம்பரத்தில் நடந்த தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பேசப் போகும் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "கூலியைப் பற்றிப் பேசுங்கள், பஞ்சப்படியைப் பற்றிப் பேசுங்கள், மனைப்பட்டாவைப் பற்றிப் பேசுங்கள். பாட்டரியைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்கலாம். கேட்டும் விட்டார்கள். சென்ற வாரம் சானடோரியத்தில் மெப்ஸ் வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கொண்டிருந்தோம். ஒரு இளம் தொழிலாளி நின்று படித்துவிட்டு, "அண்ணே, கரண்டுக்குப் பெரிய பெரிய பாட்டரி வைக்கப் போறாங்களாமே, இனிமே கட்டே ஆகாதா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண் தொழிலாளி, "கட்டை விடு தம்பி. பில் ஏறுமா இறங்குமா, அதைக் கேளு" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். அந்த இருவருக்கும் சொல்லும் பதிலாகவே இந்த உரையை வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லி விடுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? பெரும்பாக்கத்தில், நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து குடியேற்றப்பட்ட ஏழை ஜனங்கள் எட்டுத் தளக் கட்டிடங்களில் இருக்கிறார்கள். கரண்டு நின்றால் அங்கே லிப்டு நிற்கும், மோட்டார் நிற்கும், குடத்தோடு மாடி ஏற வேண்டும். அந்த மாதிரி நாளில் பெரிய பாட்டரி கை கொடுக்காது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது சப்ளையை நிறுத்துவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு. அதற்கு வேண்டியது உயரமான மேடையில் டிரான்ஸ்பார்மர், பூமிக்கடியில் ஒழுங்கான கேபிள், போதுமான எண்ணிக்கையில் நிரந்தர ஊழியர்கள். பாட்டரி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவன் ஏமாற்றுகிறான்.

பிறகு பாட்டரி எதற்கு? சாயங்காலத்திற்கு!

மின்சாரத்திற்கு ஒரு குணம் உண்டு. உண்டான நொடியிலேயே அதைச் செலவழித்தாக வேண்டும். நெல்லைப் போல் குதிரில் கொட்டி வைக்க முடியாது. நமது மாநிலத்தில் காற்றாலைகள் 11,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கின்றன. சூரிய மின்சாரமும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் முன் வரிசையில் நிற்கிறோம். ஆனால் சூரியன் உச்சியில் காய்வது நடுப்பகலில். ஆரல்வாய்மொழியில் காற்று வீறு கொள்வது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை. நாம் வேலை முடிந்து மின்சார ரயிலில் நசுங்கி வந்து விளக்கைப் போட்டு, விசிறியைப் போட்டு, மோட்டாரைப் போடுவதோ மாலை 6 மணிக்கு மேல்! அந்த நேரம் பார்த்துச் சூரியன் படுத்து விடுகிறான். தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2-ம் தேதி 20,830 மெகாவாட் வரை ஏறியது. கோடை இரவின் புழுக்கத்தில் ஏறும் தேவைக்கு ஈடு கொடுக்க நிலக்கரியை எரிக்க வேண்டும், அல்லது மின்சாரச் சந்தையில் கேட்ட விலைக்கு வாங்க வேண்டும்.

பகலில் என்ன நடக்கிறது? தேவைக்கு மேல் உற்பத்தியானால் "நிறுத்து" என்று உத்தரவு போகிறது. காற்று வீசுகிறது, வெயில் காய்கிறது, இயந்திரம் சும்மா நிற்கிறது. சூரிய மின் நிலையங்களை இப்படி நிறுத்தியதற்காக முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் டில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மின் வாரியம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதாவது, பகலில் வராத மின்சாரத்திற்கும் பணம், இரவில் வாங்கும் மின்சாரத்திற்கும் பணம். இரண்டும் ஜனங்களின் தலையில்தான் வந்து விழுகின்றன.

படப்பையிலிருந்தும் மணிமங்கலத்திலிருந்தும் வந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வைத்து மாசியில் எப்படிப் பயிர் செய்கிறோம்? ஏரியில் கட்டி வைத்து, மதகைத் திறந்து விட்டு. பெரிய பாட்டரி என்பது மின்சாரத்திற்கு ஏரி. பகலில் நிரப்பு, இரவில் திற. செய்தித்தாளில் "500 மெகாவாட், 1,000 மெகாவாட்-மணி" என்று போடுகிறார்களே, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் எண் மதகின் அகலம். இரண்டாவது எண் ஏரியின் கொள்ளளவு. 1,000 மெகாவாட்-மணி என்றால் நம் மீட்டர் கணக்கில் 10 லட்சம் யூனிட். 500 மெகாவாட் மதகை முழுக்கத் திறந்தால் இரண்டு மணி நேரத்தில் ஏரி காலி.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. கோவை மாவட்டத்தில் காடம்பாறையில் 1987-லிருந்து 1989-க்குள் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு ஓடத் தொடங்கின. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மலை மேலே ஏற்றுவார்கள். தேவைப்படும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். மின் வாரியத்தின் சொந்தச் சொத்து அது. நீலகிரியில் குந்தாவில் இதே மாதிரி 500 மெகாவாட் திட்டம் வருஷக் கணக்கில் இழுபட்டது. மலையைக் குடைவது எளிதல்ல. பாட்டரியோ சப்-ஸ்டேஷன் வளாகத்திலேயே பெட்டி பெட்டியாக இறங்கிவிடும். ஒன்றரை, இரண்டு வருஷத்தில் வேலை முடியும்.

இதையே நாம் சில்லறையாக ஏற்கெனவே செய்திருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2008-லிருந்து 2013 வரை இருந்த மின்வெட்டுக் காலம் ஞாபகம் இருக்கிறதா? சென்னை நகரத்தில் ஒரு மணி, இரண்டு மணி. வெளி மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணிக்கு மேலும் இருட்டு. கோவையில் சிறு பட்டறைகள் முடங்கின. தொழிலாளி பாதிக் கூலியோடு வீட்டிற்குப் போனார். அப்பொழுது வசதியுள்ளவன் ஒவ்வொருவனும் வீட்டில் இன்வெர்ட்டரும் பாட்டரியும் வாங்கி வைத்தான். வசதியில்லாதவன் பனையோலை விசிறியை எடுத்தான். ஊருக்கு ஒரு ஏரி வெட்டாமல் ஆளாளுக்கு ஒரு வாளி வாங்கின கதை அது. அந்த வாளியும் மூன்று நான்கு வருஷத்தில் ஓட்டை. பழைய பாட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கும் தொழிலாளியின் ரத்தத்தில் அந்த ஈயம் போய்ச் சேருகிறது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

சரி, இவ்வளவு உபயோகமான பொருள் ஏன் இத்தனை காலம் வரவில்லை? இப்பொழுது மட்டும் ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது? விஞ்ஞானம் வளர்ந்தது ஒரு காரணம். ஆனால் அது பாதிதான். மறு பாதி, சர்க்கார் போடும் விதி. யார் வாங்க வேண்டும், யார் பணம் கட்ட வேண்டும், யார் லாபம் எடுக்கலாம் என்ற விதி.

வெளிநாட்டு அனுபவத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2013-ல் ஒரு கட்டளை போட்டது: பெரிய மின் கம்பெனிகள் மூன்றும் 2020-க்குள் 1,325 மெகாவாட் சேமிப்புக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். அப்பொழுது பாட்டரி விலை கொள்ளை விலை. ஆனாலும் கட்டளை இருந்ததால் வாங்கினார்கள். 2024-ல் அந்த மாநிலம் 10,000 மெகாவாட்டைத் தாண்டிற்று. சீனாவிலும் விதி போட்டார்கள். காற்றாலை, சூரிய மின் நிலையம் கட்டுகிறவன் அதில் பத்திலிருந்து இருபது சதம் அளவுக்குச் சேமிப்பும் வைக்க வேண்டும் என்று பல மாகாணங்கள் சொல்லின. நடந்தது என்ன? இணைப்புக் கிடைப்பதற்காக மலிவான பாட்டரியை வாங்கி வைத்துவிட்டுப் பலர் அதை ஓட்டாமலே போட்டு வைத்தார்கள். வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஓட்டினால்தான் பணம் என்று விதி இல்லை. 2025 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். ஏரி வெட்டினான், வாய்க்கால் வெட்டவில்லை! இந்தத் தவறு எந்த நாட்டிலும் நடக்கலாம். இங்கேயும் 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம், புதிய சூரிய மின் நிலைய டெண்டர்களில் பத்து சதம் அளவுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பு வைக்கும்படி யோசனை சொல்லியிருக்கிறது. வைத்ததை ஓட்டுகிறார்களா என்று பார்ப்பது யார்?

நமது மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2022 ஜூலையில் மின் விநியோகம் செய்கிறவர்களுக்கு ஒரு கடமை விதித்தது. மொத்த மின்சாரத்தில் 2023-24-ல் ஒரு சதம் சேமிப்பின் வழியாக வர வேண்டும். 2029-30-ல் அது நான்கு சதமாக வேண்டும். 2023 செப்டம்பரில் மானியத் திட்டம் ஒன்று போட்டது. 4,000 மெகாவாட்-மணி பாட்டரிக்கு மூலதனச் செலவில் 40 சதம் வரை, மொத்தம் 3,760 கோடி ரூபாய் கஜானாவிலிருந்து. பாட்டரி விலை மளமளவென்று சரிந்ததால் அதே பணத்திற்கு மூன்று மடங்குக்கு மேல், 13,220 மெகாவாட்-மணி வரும் என்று பிறகு திருத்திக் கொண்டார்கள். 2025 ஜூனில் அடுத்த தவணை: 30,000 மெகாவாட்-மணிக்கு 5,400 கோடி, அதாவது மெகாவாட்-மணிக்கு 18 லட்சம்.

இந்தப் பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோமே, நம்முடையதுதான். மானியம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மானியம் இல்லாவிட்டால் இந்தத் தொழில் இவ்வளவு சீக்கிரம் காலூன்றியிருக்காது. ஆனால் பணம் போட்டவனுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்று கேட்கிறோம். பொதுவாக டெண்டர் எப்படி விடப்படுகிறது? கம்பெனி கட்டும், கம்பெனிக்கே சொந்தம், கம்பெனியே நடத்தும். நிலம் பெரும்பாலும் மின் வாரிய சப்-ஸ்டேஷனில். பாட்டரியை நிரப்பும் மின்சாரம் வாரியத்தினுடையது. வாரியம் மாதா மாதம் மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று 12 வருஷம், 15 வருஷம் வாடகை கட்டும். வண்டியும் மாடும் நம்முடையவை, வைக்கோலும் நம்முடையது. நுகத்தடி மட்டும் அவனுடையது, வாடகை அவனுக்கு!

வாடகை எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். கணக்கென்றால் அலுப்பாக இருக்கும். ஆனால் பில் ஏறுமா என்று கேட்ட அந்தச் சகோதரிக்குக் கணக்கில்தான் பதில் இருக்கிறது. 2022-ல் மத்திய சர்க்காரின் சூரிய மின்சாரக் கழகம் விட்ட டெண்டரில் மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. ஒரு மெகாவாட், இரண்டு மணி நேர பாட்டரி, நாளுக்கு ஒரு தடவை நிரம்பிக் காலியானால் மாதம் 60,000 யூனிட். அப்படியானால் யூனிட்டுக்குச் சேமிப்புக் கூலி மட்டும் 18 ரூபாய். நாளுக்கு இரண்டு தடவை ஓட்டினால் 9 ரூபாய். யார் வாங்குவார்கள்? ஒப்பந்தம் இழுத்தடித்தது. விலை இறங்கிவிட்டது, இந்தக் கட்டணம் இன்றைய சந்தைக்கு ஒவ்வாது என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025-ல் அதை ஏற்க மறுத்துவிட்டது. இதற்கிடையில் 2024 கடைசியில் ராஜஸ்தானத்தில், மானியத்தோடு கூடிய டெண்டரில் மெகாவாட்டுக்கு மாதம் 2 லட்சத்து 21 ஆயிரம்! அதே கணக்கில் யூனிட்டுக்கு மூன்று ரூபாய் அறுபத்தெட்டு காசு. இரண்டு தடவை ஓட்டினால் அதில் பாதி. இதோடு நிரப்பும் மின்சாரத்தின் விலையைச் சேர்க்க வேண்டும்; நூறு யூனிட் போட்டால் எண்பத்தைந்து யூனிட் அளவுக்குத்தான் திரும்பி வரும் என்பதையும் சேர்க்க வேண்டும். பகல் சூரிய மின்சாரம் மலிவு. ஆகவே எல்லாம் சேர்ந்தாலும், சந்தையில் இரவு நேரத்தில் ஏறும் விலையோடு போட்டி போடக்கூடிய நிலைமை வந்துவிட்டது.

இரண்டே வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்காக விலை விழுந்தது. காரணம், சீனத் தொழிற்சாலைகளில் உற்பத்தி பெருகியது. லிதியம் விலை சரிந்தது. நம் நாட்டிலேயே பாட்டரி செல் தயாரிக்க 2021-ல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் தொகையை அறிவித்தார்கள். பெரிய முதலாளிகள்தான் ஒதுக்கீடு வாங்கினார்கள். 2025 வரை அந்த இலக்கில் சிறு துளிதான் உற்பத்தியாயிற்று.

விலை விழும் காலத்தில் நீண்ட ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததா? 2015-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்சாரத்திற்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று 25 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 2017 மே மாதத்தில் ராஜஸ்தானத்தில் பட்லாவில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் முடிந்தது. ஒப்பந்தம் அதற்காக இறங்குமா? அன்று போட்ட கையெழுத்துக்கு 25 வருஷம் வட்டி கட்டுகிறோம். அதற்காக "இன்னும் இறங்கட்டும், இறங்கட்டும்" என்று காத்துக் கொண்டே இருக்கவும் முடியாது. காத்திருக்கும் ஒவ்வொரு கோடையிலும் இரவு மின்சாரத்தைச் சந்தையில் வாங்கிக் கடன் ஏறுகிறது. நமது அபிப்பிராயம் இது: சிறு சிறு தவணையாக வாங்கு, சொந்தமாக வாங்கு. பாட்டரி பழுதானால் மாற்றும் பொறுப்பை விற்றவன் மேல் கட்டு. சொத்து வாரியத்தின் பேரில் இருக்கட்டும்.

வாரியத்திடம் பணமில்லை என்பார்கள். மெய்தான், கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆனால் பொதுத்துறையில் பணமே இல்லையா? தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் விட்ட 500 மெகாவாட் பாட்டரி டெண்டரில் 2025-ல் பாதியை, 250 மெகாவாட்டை, எடுத்தது யார்? நெய்வேலி நிறுவனத்தின் துணை நிறுவனம்! ஓட்டப்பிடாரம், அனுப்பன்குளம், கயத்தாறு ஆகிய மூன்று இடங்களில் அமைக்க ஒப்பந்தம். தனியாரோடு போட்டியிட்டு ஒரு பொதுத்துறை நிறுவனம் பாதியை எடுக்க முடிகிறதென்றால், முழுவதையும் பொதுத்துறை ஏன் எடுக்கக் கூடாது? (நெய்வேலியில் நிலத்தை இழந்த குடும்பங்களின் கணக்கு வேறு, அது இன்னும் தீரவில்லை. பொதுத்துறை என்பதற்காக அதை நாம் மறைக்க மாட்டோம்.)

500 மெகாவாட் என்பது 20,830 மெகாவாட்டில் நாற்பதில் ஒரு பங்கு கூட இல்லை. ஆகவே இன்னும் நிறைய வரப்போகிறது. தென் சென்னைப் புறநகரிலும் வரும். இங்கே நிலம் ஏது? ஒரு காலத்தில் ஏரிகளின் நாடாக இருந்த இடம் இது. சிட்லபாக்கம் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் எப்படிச் சுருங்கின என்பதற்கு நாம் எல்லோரும் சாட்சி. மின்சார ஏரி வெட்டுகிறேன் என்று தண்ணீர் ஏரியைத் தூர்த்தால் அதை நாம் அனுமதிக்க முடியாது. தீ விபத்தையும் யோசிக்க வேண்டும். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற இடத்தில் பெரிய பாட்டரி நிலையம் எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களை ஊரை விட்டு வெளியேற்றினார்கள். அங்கே பழைய கட்டிடம் ஒன்றுக்குள் பாட்டரிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இப்பொழுது திறந்த வெளியில் இடைவெளி விட்டுத் தனித்தனிப் பெட்டியாக வைக்கிறார்கள், அபாயம் குறைவு. ஆனால் அங்கே காவல் நிற்கப் போவது யார்? பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இல்லாத காண்டிராக்ட் தொழிலாளியா?

கடைசியாக ஷிப்டு விஷயம். மில் தோழர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 2022 செப்டம்பர் கட்டணப்படி காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 சதம் கூடுதல். முதலாளி என்ன செய்வான்? ஒன்று, ஆலைக்குள் பாட்டரி வைப்பான். இல்லையேல், தொழிலாளியின் ஷிப்டை நகர்த்துவான். எது அவனுக்கு மலிவோ அதைச் செய்வான். 2023 ஜூனில் மத்திய சர்க்கார் திருத்திய விதி, விவசாயம் தவிர மற்ற எல்லா இணைப்புகளுக்கும் நேரத்திற்கு ஒரு விலை என்று வழி வகுத்தது. பகலில் மலிவு, மாலையில் கிராக்கி. பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாம் பட்டறையில், வயலில்! மாலையில் விளக்குப் போடும் குடும்பத்திடம் கூடுதல் வாங்கி, அந்தப் பணத்தில் பாட்டரிக்காரனுக்கு வாடகை கட்டுவதென்றால் அது எந்த நியாயம்? பாட்டரியால் இரவு மின்சாரத்தின் செலவு குறைந்தால் அந்தக் குறைவு இரவுக் கட்டணத்தில் தெரிய வேண்டும். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை முதலில் பம்பு செட்டுகளுக்கு மூன்று பேஸாகக் கொடுக்க வேண்டும். நடு ராத்திரியில் மடை திருப்பப் போய்ப் பாம்புக் கடி படுவது நிலச் சொந்தக்காரனல்ல, கூலிக்குப் போகும் நம் ஆள்தான். அந்த மின்சாரத்தைப் பகலிலேயே செலவழித்தால் அதற்குப் பாட்டரி கூட வேண்டியதில்லை.

இதையெல்லாம் எங்கே சொல்வது? இடம் இருக்கிறது. கட்டணம் மாற்றும்போது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் பொது விசாரணை வைத்தார்கள். ஆலைச் சங்கங்கள் வக்கீலோடு வந்து உட்கார்ந்தன. நம் தரப்பில் வந்தவர்கள் போதாது. அடுத்த தடவை தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் ஆட்கள் போக வேண்டும். மனு தயாராகிறது. தெருவாரியாகக் கையெழுத்து வாங்கப் போகும் தோழர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: கையெழுத்துக்குப் பக்கத்தில் மின் இணைப்பு எண்ணையும், சென்ற இரண்டு மாத யூனிட்டையும் பில்லையும் குறித்து வாருங்கள். வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரருக்குக் கட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் கட்டும் விலையைத் தனித் தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் தாள்கள் வந்து சேர வேண்டும்.